"எல்லாம் அவன் பாத்துக்கறான்": முதியவரின் பண முடிவை விசாரிக்கப் போகும் புதியவர்களுக்கு

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கார வீடு. 78 வயது ஐயா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே தறி ஓடும் சத்தம். வீட்டைச் சின்ன மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், வங்கியில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டும் கரைந்துவிட்டது என்று வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்திருக்கிறாள். நீங்கள் போய் உட்கார்ந்து, "எதுக்குங்கய்யா எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்கிறீர்கள். அவர் சொல்கிறார்: "எல்லாம் அவன் பாத்துக்கறான் கண்ணு."

இந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கலாம். மகன் உண்மையிலேயே நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், ஐயா மனமுவந்து கொடுத்தார் என்பது ஒன்று. வேறு எதையாவது சொன்னால் ராத்திரிச் சோற்றுக்கு வழியில்லை என்ற பயம் இன்னொன்று. என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது, தெரியாததை மறைக்க வாயில் வந்த வரி இது என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்தறிவதுதான் உங்கள் வேலை. சமூகப்பணி படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள், வங்கிக் கிளையில் முதியவர்களைத் தினமும் பார்க்கும் ஊழியர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் வீடு வீடாகப் போனதில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இதில் வரும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

"பெரியவருக்கு ஞாபகம் சரியாக இருக்கிறதா?" என்ற கேள்வியோடு போனால் பாதி விசாரணை அங்கேயே கெட்டுப்போகும். கேட்க வேண்டியது இது: இந்தச் சொத்தைப் பற்றி, அந்த நாளில், அவர் எடுத்த இந்த ஒரு முடிவு அவருடையதுதானா?

முடிவெடுக்கும் திறன் என்பது ஆளுக்கு ஒன்று என்று ஒட்டிவிடும் முத்திரை இல்லை. காய்க்கடையில் கால் ரூபாய் விடாமல் பேரம் பேசும் ஆயாவுக்கு, தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் புரியாமல் இருக்கலாம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று மறந்துபோகும் தாத்தா, எந்த மகளுக்கு எவ்வளவு நகை போட்டோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லி, மிச்சத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணமும் சொல்லலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், அதனால் தன் நலனுக்கு என்ன ஆகும் என்று சீர்தூக்கிப் பார்க்கவும் முடிகிறதா என்பதே அளவுகோல். வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெரும்பாலும் மனம் கலங்கியிருப்பவர்கூடத் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டாள்தனமான முடிவு எடுக்கும் உரிமை முதியவருக்கும் உண்டு. கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கையில் இருந்ததில் பெரும்பகுதியை ஒரு ஆயா கொடுத்துவிட்டார் என்று பேரன்கள் கொதித்துப்போய் வந்தார்கள். ஆயாவிடம் கேட்டேன். எவ்வளவு கொடுத்தார், மிச்சம் எவ்வளவு, அது எத்தனை மாதத்துக்கு வரும், ஏன் கொடுத்தார் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. யாரும் கேட்டு வாங்கவில்லை. அது அவர் காசு. பேரன்களுக்கு வருத்தம்தான், ஆனால் அங்கே நமக்கு வேலை இல்லை.

கிளம்புவதற்கு முன்

போன் செய்தவர் நல்லவர், வீட்டில் இருப்பவர் கெட்டவர் என்று மனதில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அண்ணன் தம்பி பங்காளிச் சண்டையில் நம்மை ஆயுதமாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கூடவே இருந்து மலஜலம் எடுக்கும் மருமகளை, வருஷத்துக்கு ஒரு முறை வரும் மகன் திருடி என்று சொல்வதும் உண்டு. யார் புகார் சொன்னார், அவருக்கு இதில் என்ன லாபம் என்பதைத் தாளில் ஒரு வரியாகக் குறித்துவிடுங்கள்.

சொத்து என்றால், அதன் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணோ ஆவண எண்ணோ இருந்தால் பார்த்துவிடலாம். தான செட்டில்மெண்டா, விற்பனையான கிரயமா, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா, வெறும் பவரா என்பது தெரியாமல் போய் உட்கார்ந்தால் எதைப் பற்றிக் கேட்பது? பணம் என்றால் பாஸ்புக்கில் எந்தத் தேதியிலிருந்து போக்கு மாறியது என்று பாருங்கள். மாதம் மூவாயிரம் எடுத்தவர் திடீரென்று வாரம் பத்தாயிரம் எடுத்திருந்தால் அந்தத் தேதியில்தான் கதை தொடங்குகிறது.

காலையில் போங்கள். வயதானவர்களில் பலருக்கு முற்பகல்தான் தெளிவான நேரம். சாயங்காலம் ஆனால் குழப்பம் கூடும் நோய்களும் உண்டு. ஏற்காடு என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு 20ம் ஏறி, அங்கிருந்து ஊருக்குள் போய்ச் சேர்வதற்குள் பொழுது ஏறிவிடும். காப்பி பழம் பறிக்கும் மாதங்களில் பெரியவர்களும் தோட்டத்தில்தான் இருப்பார்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காமல் இரண்டு தடவை போவதாகவே திட்டமிடுங்கள். முதல் நாள் தெளிவாகப் பேசியவர் இரண்டாம் நாள் வேறு ஆளாக இருப்பதையும், தலைகீழாக நடப்பதையும் பார்த்திருக்கிறேன். அதுவே ஒரு தகவல்தான்.

தனியாகப் பேசுவது எப்படி

இருவராகப் போங்கள். ஒருவர் பெரியவரிடம், ஒருவர் வீட்டாரிடம். வாசலிலேயே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்: "எந்த வீட்டுக்குப் போனாலும் பெரியவங்ககிட்ட அரை மணி நேரம் தனியா பேசறது எங்க வழக்கமுங்க." உங்கள் மேல் சந்தேகம் என்று சொல்லாமல், எல்லோருக்கும் இதுதான் என்று சொல்லும்போது பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். "அவருக்குக் காது கேக்காதுங்க, நான் சொல்றேன்" என்று யாராவது பக்கத்திலேயே நின்றால், நீங்கள் கிட்டே போய் உட்கார்ந்து நேராக முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசிப் பாருங்கள். கேட்காத காது எத்தனை முறை கேட்டிருக்கிறது!

கடைசி வரை தனியாக விடவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம், அந்த வீட்டில் அவர்தான் இருக்க வேண்டும். நடந்ததை எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வருவார் இல்லையா, அங்கே பார்க்கலாம். ரேஷன் கடை, கோயில், வங்கி எதுவும் உதவும்.

உட்கார்ந்ததும் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது, சாப்பிட்டாரா, ராத்திரி தூங்கினாரா, புதிதாக மாத்திரை மாற்றினார்களா என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். போன வாரம் வரை தெளிவாக இருந்தவர் இரண்டு மூன்று நாளில் குழம்பிப்போயிருந்தால் அது மறதி நோய் என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது எல்லாம் அப்படிச் செய்யும். அன்றைக்கு விசாரணை வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மெதுவாக மூளையை மந்தமாக்கும். இவற்றில் பலவும் மருந்துக்குக் கேட்கும்.

பள்ளிக்கூடத்துப் பரீட்சை வேண்டாம்

கடிகாரம் வரையச் சொல்வது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது போன்ற சோதனைகளைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மருத்துவர் கையில் அவற்றுக்குப் பயன் உண்டு. பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் நாம் அதை நீட்டினால் அவருடைய படிப்பைத்தான் அளக்கிறோம்.

சிவதாபுரத்தில் கொலுசு வேலை பார்த்த ஆயா ஒருவர். தேதி கேட்டேன், தெரியவில்லை. என்ன மாதம் என்றேன், சிரித்தார். நான் தாளில் இரண்டு பூஜ்யம் போட்டேன். அப்புறம் அவரே, "ஆடிப்பெருக்கு முடிஞ்சு இன்னிக்கு அஞ்சாம் நாளு. அமாவாசை எப்பன்னு வேணா சொல்றேன்" என்றார். சரியாக இருந்தது. கையில் ஒரு கொலுசைக் கொடுத்தால் எடை சொன்னார், அந்த எடைக்கு வெள்ளி இன்றைக்கு என்ன விலை ஆகும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் விலை கேட்டுக்கொண்டு மனக்கணக்காகச் சொன்னார். தப்பாகக் கேட்டது நான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

ஆகவே அவர் புழங்கும் பணத்தில் கேளுங்கள். உதவித்தொகை எந்தத் தேதிக்கு வருகிறது, யார் எடுத்து வருகிறார்கள், கையில் எவ்வளவு தருகிறார்கள். மளிகைக் கடைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு. ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்து முந்நூற்று எழுபதுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு. இந்தக் கணக்கையெல்லாம் முன்பு யார் பார்த்தார்கள், இப்போது யார், எப்போது மாறியது. நாற்பது வருஷமாகக் கணக்கு பார்த்த தாத்தா இறந்த பிறகு முதல் முறையாகப் பாஸ்புக்கைக் கையில் எடுத்த ஆயாவுக்கு வங்கிப் படிவம் புரியவில்லை என்றால் அது அறிவு மங்கியதாக ஆகாது. பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

விரல் ரேகையைப் பற்றி மறக்காமல் கேளுங்கள். ஆதார் வழியாகக் கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் ஆள் ஊருக்கு ஊர் வருகிறார். அதனால் முதியவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் "கை வெக்கச் சொன்னாங்க, வெச்சேன்" என்பவரிடம், "எத்தனை தடவை வெச்சீங்க?" என்று கேட்க வேண்டும். ரேகை விழவில்லை என்று இரண்டு தடவை வைக்கச் சொல்லி, இரண்டு தடவையும் பணம் போயிருக்கலாம். குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது என்பதும் முக்கியம்.

நான்கு கேள்விகள்

இதுதான் நடுமையம். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் திறனை அளக்க ஆப்பல்பாம், கிரிஸ்ஸோ என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1988இல் நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: தன் தேர்வைச் சொல்வது, விவரத்தைப் புரிந்துகொள்வது, அது தனக்கு என்ன செய்யும் என்று உணர்வது, காரணம் சொல்வது. டெட்ராய்ட் நகரத்து வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பீட்டர் லிச்சன்பெர்க் அதைப் பண விஷயத்துக்குக் கொண்டுவந்து, களத்தில் இருப்பவர்கள் கேட்கக்கூடிய 10 கேள்விகளாகவும் சுருக்கினார். பொதுவான மூளைச் சோதனையை விட்டுவிட்டு, முதியவர் எடுத்த அந்த ஒரு குறிப்பிட்ட முடிவைப் பற்றி அவரையே பேச வைப்பதுதான் அவர் முறையின் உயிர். அந்தக் கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் நம் ஊரில் எடுபடாது. நான் கேட்பது இப்படி.

"என்னங்க பண்ணீங்க?" பத்திரத்தின் பேரைச் சொல்லாமல் கேளுங்கள். அவர் சொல்லட்டும்.

"அப்படின்னா என்னங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க." புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

"இனிமே உங்களுக்கு என்ன மாறும்?" நாளைக்கு மகன் போகச் சொன்னால் என்ன ஆகும், வீட்டை யார் விற்கலாம், கையில் மிச்சம் எவ்வளவு இருக்கும். சட்டம் தெரிந்தவர்கூடச் சறுக்கும் இடம் இது. 'மகன் பேருக்கு எழுதினேன்' என்று தெளிவாகச் சொல்வார், 'அது இன்னும் என் வீடுதான்' என்றும் சொல்வார். தகவல் தெரிந்திருக்கிறது, அது தன் தலைமேல் வந்து விழும் என்பது உறைக்கவில்லை.

"எதுக்காக இப்படி முடிவு பண்ணீங்க? வேற என்ன வழி இருந்துச்சு?" காரணம் நமக்குப் பிடிக்க வேண்டியதில்லை. அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா, இதுவரை அவர் பேசியதோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். நாற்பது வருஷமாக மகளுக்கும் சமபங்கு என்று சொல்லிவந்தவர் ஒரே மாதத்தில் மாறினால் அந்த மாதத்தில் என்ன நடந்தது?

"குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்" என்று பதில் வரும். புதியவர்கள் பலர் அங்கேயே தடுமாறுவார்கள். சேர்ந்து முடிவெடுப்பது நம் வழக்கம், அதில் தவறில்லை. அடுத்து இதைக் கேளுங்கள்: "அந்தப் பேச்சுல நீங்க என்ன சொன்னீங்க? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" அவர் குரல் அந்தக் கூட்டத்தில் இருந்ததா, அவர் சொன்னதால் ஏதாவது மாறியதா என்பது வெளியே வந்துவிடும்.

ஏற்காட்டில் ஒரு ஆயா, வயது எண்பதைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் காப்பி, நிழல் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி. தோட்டத்தை ஒருவருக்கு விற்றுவிட்டார், மறதி நோய் இருக்கும்போல, பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்று ஆயாவின் உறவுக்காரர் ஒருவர் கேட்டு வந்தார். மேலே போனோம். ஆயா வாசலில் சாக்கை விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே கையால் துழாவிக் காம்பை எடுத்துப் போட்டார். "என்ன பண்ணீங்க ஆயா?" "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டேன்." "அப்படின்னா?" "மூணு வருசம் காப்பியும் மெளகும் அவங்க எடுத்துக்குவாங்க. அப்பறம் தோட்டம் நம்முளுது." எவ்வளவு வாங்கினார், அதில் மருத்துவச் செலவுக்கு எவ்வளவு போனது, ஏன் விட்டார் எல்லாம் சொன்னார். ஆள் வைத்துப் பறிக்கக் கூலி கட்டுப்படியாகவில்லை என்ற காரணத்தில் எந்தப் பிசகும் இல்லை. பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் கிரயப் பத்திரம்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆயாவுக்கு எந்தக் குறையும் இல்லை. தான் எடுத்ததாக நினைத்த முடிவை அவர் முழுக்கப் புரிந்துதான் எடுத்திருந்தார். முன்னால் நீட்டிய காகிதம்தான் வேறு. 'மறதி நோய்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் பத்திரத்துக்கு என்ன ஆனதோ, மிச்சம் இருக்கும் ஆயுள் முழுக்க அவர் பேச்சை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். நாங்கள் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பவில்லை. ஏமாற்று என்று எழுதி, இலவச சட்ட உதவிக்கு அழைத்துப்போனோம்.

இதே மாதிரி இன்னொருவரிடம், "பவர்னா என்னங்க?" என்று கேட்டபோது, "கரண்டு சர்வீஸ் பேர் மாத்தறதுக்குன்னு கையெழுத்து வாங்கினாங்க" என்றார். பவர் என்ற சொல் அவருக்குக் கரண்டு. திருப்பிச் சொல்லச் சொல்லாமல் இருந்திருந்தால் இது எப்படித் தெரிந்திருக்கும்?

புரிந்தும் கட்டுப்பட்டவர்கள்

நான்கு கேள்விக்கும் முழு மார்க் வாங்கிவிட்டு ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வீடியோ காலில் போலீஸ் உடை போட்ட ஒருவன், உங்கள் ஆதாரை வைத்துக் குற்றம் நடந்திருக்கிறது, 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம் என்று மூன்று நாள் வீட்டை விட்டு நகரவிடாமல் வைத்திருந்தான். அவர் எவ்வளவு அனுப்புகிறோம், எந்தக் கணக்குக்கு என்று தெரிந்தே அனுப்பினார். புத்தி தெளிவு, மனம் கட்டுண்டிருந்தது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இது போன்றவற்றில் முதல் வேலை கேள்வி கேட்பது இல்லை, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்குள் நடப்பது இவ்வளவு வேகமாக இருக்காது. அக்கம்பக்கத்துப் பேச்சு குறையும். மகள் போன் செய்தால் எடுக்கவிட மாட்டார்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்பார்கள். பத்திரத்தை இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். சோறு, மருந்து, கக்கூஸுக்குக் கைத்தாங்கல் எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும். நான் இங்கே ஒரே ஒரு கேள்வியைத்தான் பெரிதாக நம்புகிறேன்: "நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்?" "என்ன நடக்கும், விட்டிருப்பான்" என்று சட்டென்று வந்தால் ஒரு மாதிரி. பார்வை வாசல் பக்கம் போய்விட்டு, "அப்பறம் யாரு சோறு போடுவா" என்று வந்தால் வேறு மாதிரி. பதிலுக்கு நேரம் கொடுங்கள். நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வயதாலோ நோயாலோ மன, உடல் துன்பத்தாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவர் விருப்பத்தை அடக்கும் இடத்தில் இருப்பதாகவே அந்தப் பிரிவு கருதுகிறது. அப்படிப்பட்ட பேரம் பார்த்தாலே அநியாயமாகத் தெரிந்தால், முறைகேடாக அழுத்தம் தரவில்லை என்று நிரூபிக்கும் சுமை எழுதி வாங்கியவர் தலையில் விழும்.

எழுதிக்கொள்வது

"முதியவர் குழப்பமாகக் காணப்பட்டார்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் கருத்து, நாளைக்கு யாருக்கும் உதவாது. கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், அவர் பேச்சு வழக்கிலேயே, தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள். கண்ணாடி போட்டிருந்தாரா என்பதுகூட. அன்று ராத்திரிக்குள் எழுதிவிடுங்கள். நீங்கள் மருத்துவர் இல்லை, நீதிபதியும் இல்லை. 'திறன் உண்டு', 'திறன் இல்லை' என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. மருத்துவரும் அதிகாரியும் கையில் வைத்துப் பார்க்கும்படி உண்மையை எழுதினால் போதும்.

குறிப்பாக ஒன்றைக் கேட்டு எழுதுங்கள்: எழுதி வாங்கும்போது என்ன சொல்லி வாங்கினார்கள்? "கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்துக்கறேன்" என்று யார் முன்னால் சொன்னார்கள்? 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இந்தப் பதிலுக்குத்தான் மதிப்பு. பார்த்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நிபந்தனை இருந்ததை நிலைநாட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோர் நலனுக்காக வந்த சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொன்னது. எப்படியானாலும் பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் பலம். அது இல்லாவிட்டால் யார் முன்னால் பேசினார்கள் என்ற உங்கள் குறிப்புத்தான் துணை.

அடுத்து எங்கே

புரிந்திருக்கிறார், சுதந்திரமாகவும் முடிவெடுத்திருக்கிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். புகார் செய்தவருக்கு விவரம் எதையும் சொல்ல வேண்டாம்.

புரிந்திருக்கிறார், ஆனால் பயந்து கொடுத்திருக்கிறார் அல்லது ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்றால் அவர் சம்மதத்தோடு நகருங்கள். 60 வயது நிறைந்தவர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தானே போக முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ அமைப்போ கொடுக்கலாம். பராமரிப்பு மனுவை நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம், விதிவிலக்காக இன்னும் 30 நாள். மேல்முறையீடு கலெக்டர் தலைமையிலான தீர்ப்பாயத்தில். முதியோர் உதவி எண் 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. மோசடி என்றால் போலீசில் புகார்.

புரியவில்லை என்றால் மருத்துவரிடம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். உங்கள் குறிப்பையும், எந்த முடிவைப் பற்றிய சந்தேகம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 'மறதி இருக்கிறது' என்ற சீட்டு மட்டும் போதாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பேசுவது சிகிச்சை பற்றிய முடிவை, சொத்தை அல்ல. மறதி நோய் முற்றியவரின் சொத்துக்குக் காப்பாளர் வேண்டுமென்றால் குடும்பங்கள் உயர் நீதிமன்றம் வரை போகிறார்கள். நீண்ட வழி அது. அதற்கு முன் பணம் ஒழுகுவதை நிறுத்த முடியுமா என்று வங்கி மேலாளரிடம் பேசுங்கள்.

"புகார் வேண்டாம் கண்ணு, என்ன இருந்தாலும் பெத்த புள்ள" என்று சொல்பவர்கள்தான் அதிகம். வற்புறுத்தாதீர்கள். அதோடு விட்டும்விடாதீர்கள். நம் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மாத்திரை டப்பாவில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லி, வந்தும் காட்டுங்கள்.

அம்மாபேட்டை ஐயாவிடம் நான்கு கேள்வியையும் இரண்டு முடிவுக்கும் தனித்தனியாகக் கேட்டேன். வீட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சின்னவன்தான் கூட இருந்து தறி ஓட்டுகிறான், பெண்ணுக்குக் கல்யாணத்தின்போதே செய்துவிட்டேன், நான் சாகும் வரை இங்கே இருக்கலாம் என்று பத்திரத்திலேயே போட்டிருக்கிறது என்றார். போட்டிருந்தது. டெபாசிட்டைப் பற்றிக் கேட்டபோது, "அது பேங்குலதான இருக்குது?" என்று என்னையே கேட்டார். ஒரே ஆள், ஒரே காலை, ஒரு முடிவு அவருடையது, இன்னொன்றைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது.

மகன் மேல் புகார் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சம்மதித்தது இவ்வளவுதான்: பாஸ்புக் அவரிடம் இருக்கும், குறுஞ்செய்தி அவருடைய போனுக்கே வரும், மாதம் ஒரு முறை நாங்கள் வந்து பார்ப்போம். வங்கிக்கு அவரை ஆட்டோவில் அழைத்துப்போய் எண்ணை மாற்றினோம். இரண்டாம் மாதம் போனபோது தலையணைக்கு அடியிலிருந்து பாஸ்புக்கை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியில் விரலை வைத்து, "இது நான் எடுத்த மூவாயிரம், மருந்துக்கு" என்றார்.